ஏலம் போன இரவல் மிஷின்

ஒரு மனிதனைக் கெடுக்கப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம், ஒரு மைக் போதும் என்பது என் சொந்த அனுபவம். சங்கரன்கோவிலில் எங்கள் சபைக்கு நான் செயலாளர் ஆனபோது இளவயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் நாலு வரியில் முடித்துவிட்டு இறங்கியதை நான் பிரசங்கத்துக்குப் போட்டியாக இழுக்க ஆரம்பித்தேன். "செக்ரட்டரி, அடுத்த வாரம் நீங்க பிரசங்கம் பண்ணுங்க, நான் அறிவிப்பு வாசிச்சுக்கிடுதேன்" என்று ஐயர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) அவர் என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மைக்கில் நான் போட்ட ஒரு சட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் சபை மக்கள் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், வற்றல் மிளகாய், கால் கட்டிய சேவல் எல்லாம் இருக்கும். வயல் இல்லாதவர்கள் பிளாஸ்டிக் குடமாவது வைப்பார்கள். ஐயர் ஜெபம் செய்தபிறகு அத்தனையும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போகும். அங்கே ஏலம். சந்தையில் யாரும் சீந்தாத எலுமிச்சம்பழம் அங்கே மயக்கம் வரவைக்கிற விலைக்குப் போகும். பொருளுக்காக யாரும் கேட்பதில்லை. மகளுக்கு வரன் அமைய வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பொருத்தனை வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

நான் அந்தச் சட்டம் போடுவதற்கு முந்தின வருடம் கமிட்டிக்காரர் ஒருவர், பீடத்தின் முன்னால் இருந்த அருமையான பலாப்பழத்தை ஏலத்துக்கு முன்பே நைசாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் புகைச்சல். அந்தப் புகைச்சலை அணைக்க, நான் பண்டிகைக்கு முன்னால் வாராவாரம் மைக்கில் முழங்கினேன். "பீடத்தின் முன்பு வைக்கப்பட்ட எதையும், எவரும், எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கலாகாது. செயலாளரே ஆனாலும்." 'செயலாளரே ஆனாலும்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு நிறுத்தம் கொடுப்பேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த நிறுத்தம் அது. (ஒத்திகை பார்த்தது அப்போது என் மனைவி எஸ்தருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எல்லோருக்கும் தெரியும், அவள்தான் சொன்னாள்.)

அந்த வருடப் பண்டிகைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். அங்கே ஒரு சின்ன ஊரின் ஆங்கிலிக்கன் சபைக்கும் எங்கள் சபைக்கும் பல காலமாகத் தொடர்பு உண்டு. பழைய நாட்களில் அது எப்படி என்றால், அவர்கள் அனுப்புவார்கள், நாங்கள் வாங்குவோம், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்புவோம். இப்போது அப்படி இல்லை, நாம் எல்லோரும் பங்காளிகள் என்று கடிதங்களில் எழுதிக்கொண்டோம். பங்காளி என்றால் எங்கள் ஊரில் வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும். அதனால் மைக்கில் 'பார்ட்னர்' என்றே சொன்னேன்.

அந்தச் சபையோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம், குழந்தைகளின் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிற கையடக்க மிஷின் ஒன்றை இரவலாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. இரவல் என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒரு வாரம் இருந்துவிட்டு அது கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சபைக்குப் போக வேண்டும். அங்கேயும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை முகாம். இடம் கடையநல்லூர். அங்கே ஜமாஅத்தார் தங்கள் மண்டபத்தைத் தந்து, மத்தியானச் சாப்பாட்டையும் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் வேலை வேன் பிடிப்பதும் மொழிபெயர்ப்பதும். இங்கிலாந்துக் கோட்டு, ஐயரின் அங்கி, பள்ளிவாசல் தொப்பி எல்லாம் ஒரே காரியத்துக்காக ஒரே மேஜையில் உட்காருவதை நினைக்க எனக்கே சிலிர்த்தது. சிலிர்ப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை அவர்கள் இங்கிலாந்துக்கு அழைப்பார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாததால், சங்கரன்கோவில் வெயிலில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தேன்.

வந்தவர் பெயர் மார்கரெட். காது பரிசோதனையில் அனுபவப்பட்டு ஓய்வு பெற்றவர். மிஷினுக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு வாங்கி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஞாயிறு ஆராதனையில் அதற்காக ஜெபம் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாமல் என்ன? சாம்பல் நிறப் பெட்டியை நானே என் கையால் பீடத்தின் முன்னால், ஒரு பூசணிக்காய்க்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் நடுவில் வைத்தேன். ஐயர் உருக்கமாக ஜெபித்தார். காது இருந்தும் கேட்காத பிள்ளைகளுக்காக, அதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிற பெற்றோருக்காக. முதல் வரிசையில் ஜமாஅத்தின் சார்பில் வந்திருந்த ஷாகுல் பாய் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வளைகுடாவில் பல வருடம் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அதிர்ந்து பேசாத மனுஷர்.

ஜெபம் முடிந்ததும் பெட்டியை எடுத்து உள்ளறையில் பூட்டுவது என் பொறுப்பு. சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு பெரிய கவலை வந்துவிட்டது. அசனத்தில் மார்கரெட் எப்படிச் சாப்பிடுவார்?

அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற கறிச்சோறு. இலையில் சூடாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் விழும். அதை ஓர் ஆங்கிலேயப் பெண்மணி கையால் பிசைந்து சாப்பிட நேர்ந்தால் இரு நாட்டு உறவு என்ன ஆவது? "எத எப்படிச் சாப்பிடணும்னு அந்தம்மாவே பழகிக்கிடுவாங்க. நீங்க இங்கனயே இருங்க" என்றாள் எஸ்தர். அவளுக்கு உலக விவகாரம் தெரியாது என்று முடிவு செய்து, பைக்கை எடுத்துக்கொண்டு முள்கரண்டி தேடிப் புறப்பட்டேன்.

சங்கரன்கோவிலில் பிரியாணிக்குப் பேர்போன கடைகள் உண்டு. மணக்க மணக்க மல்லிகைப்பூ வாங்கலாம். முள்கரண்டி கேட்டால் மட்டும் மனிதர்கள் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பாத்திரக்கடைக்காரர் இடுக்கி எடுத்துக் காட்டினார். கடைசியில் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பேக்கரியில், கேக் வெட்டுகிறவர்களுக்காக வைத்திருந்த ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். அதில் ஒரு பல் வளைந்திருந்தது.

திரும்பி வரும்போதே ஒலிபெருக்கி கேட்டது. ஏலம் போடுகிறவர் செல்வின். பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுவரை டிக்கெட் கேட்டுப் பழகிய தொண்டை.

"நம்ம வெள்ளைக்கார அம்மா கேட்டுருக்காவ. மேல உண்டா? கடையநல்லூர் பாய் மேல கேட்டுட்டாவ. அந்தா, பனவடலிசத்திரம் தங்கராஜ் அண்ணாச்சி அதுக்கும் மேல. அம்மா கையத் தூக்கிட்டாவ. விடாதீங்க, விடாதீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று சமூகங்கள் ஒரு பூசணிக்காய்க்காக இப்படி அன்போடு மோதுகின்றனவே என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கினேன். மேஜைமேல் இருந்தது பூசணிக்காய் இல்லை. சாம்பல் நிறப் பெட்டி.

மார்கரெட் சந்தோஷமாகக் கையைத் தூக்கியபடி நின்றார். அதுவும் என் உபயம்தான். "எங்கள் ஆராதனையில் குழப்பமே வேண்டாம், மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், கை தூக்கினால் நீங்களும் தூக்குங்கள்" என்று காலையில் சொல்லிக் கொடுத்திருந்தேன். தான் கொண்டுவந்த மிஷினை ஊர்மக்களுக்கு அறிமுகப்படுத்துகிற சடங்கு என்று நினைத்து, சொந்தக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த பொருளையே அவர் விலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க, அது ஏலத்துக்கு இல்ல" என்று கத்தினேன். கையில் இருந்த முள்கரண்டியை ஆட்டிக்கொண்டே கத்தியதால் முன்னால் நின்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள்.

செல்வின் என்னைப் பார்த்தார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குரலைத் தாழ்த்தி, நான் கொடுக்கிற அதே நிறுத்தத்தோடு சொன்னார். "செயலாளரே ஆனாலும்."

கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் 'மூணு தரம்' விழுந்துவிட்டது. தங்கராஜ் அண்ணாச்சி முன்னால் வந்து பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் சங்கரன்கோவிலில் அரிசிக்கடை வைத்திருப்பவர், வீடு பனவடலிசத்திரத்தில். நான் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் அவருடைய வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அசனச் சோறு சாப்பிடாமல் தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

முதலில் ஷாகுல் பாயிடம் ஓடினேன். "பாய், ஒங்களுக்கு அது என்ன பெட்டின்னு தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தெரியும் சார். ஆனா ஒங்க கோயில்ல வழக்கம் என்னவோ. வந்த எடத்துல நான் குறுக்க பேசினா நல்லாவா இருக்கும்? அதான் ஏலத்துலயே எடுத்து ஒங்க கையில குடுத்துருவோம்னு கேட்டேன். அண்ணாச்சி விடமாட்டேன்னுட்டாவ."

அடுத்தவர் வழிபாட்டில் வாய் திறக்கக் கூடாது என்ற அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது. அன்று நெகிழ நேரமில்லை. மார்கரெட்டிடம் சொல்ல வேண்டியிருந்தது. இலையில் கறிச்சோற்றைக் கையால் அழகாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். எவ்வளவு வரைக்கும் கேட்டேன் என்று விசாரித்தார். தொகையையும், பெட்டி ஊரைவிட்டே போய்விட்டதையும் சொன்னதும் சிரிப்பு நின்றது. பிறகு மெதுவாக, "அது என்னுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு ஊர் அதற்காக நாள் குறித்து வைத்திருக்கிறது" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பாதி இலையில் கை கழுவ எழுந்துவிட்டார்.

ஷாகுல் பாயின் காரில் மூன்று பேரும் பனவடலிசத்திரம் போனோம். வழியெல்லாம் எனக்குள் கணக்கு ஓடியது. காலையில் கடையநல்லூர் மண்டபத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? சர்ச்சில் பூசணிக்காயோடு சேர்த்து விற்றுவிட்டோம் என்றா? இத்தனை பேர் கை கோர்த்துக் கட்டிய ஒன்றை ஒற்றை ஆளாகக் கவிழ்த்துவிட்டேன். ஸ்வெட்டர் ஞாபகமும் வந்தது என்பதை மறைப்பானேன். அந்த நிலைமையிலும் அது ஞாபகம் வந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

அண்ணாச்சி வீட்டில் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தட்டிவிட்டு உள்ளே போனோம். கட்டிலில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி பெனிட்டா. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. பெட்டி திறந்து கிடந்தது. மிஷினின் ரப்பர் முனையைப் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரிய மனுஷர். பக்கத்தில் மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வழியில் யோசித்து வைத்திருந்த நியாயத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்றார் அண்ணாச்சி, நிமிர்ந்து பார்க்காமலே. "எனக்கும் வெளங்குச்சு, இது ஏலத்துக்கு உள்ளது இல்லன்னு. ஒரே ஒரு தடவ வீட்ல வச்சுப் பாத்துட்டுக் குடுத்துருவோம்னுதான். பிள்ள இன்னும் ஒரு வார்த்த பேசல. அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கோம். கடையநல்லூருக்குக் கூட்டிட்டு வந்தா ஊரே பாக்கும். பொட்டப்பிள்ள. நாளைக்கு அவளுக்குன்னு ஒண்ணு ஆகணும்லா."

ஷாகுல் பாய்தான் போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்லயும் இதேதான். என் தங்கச்சி மகன். நாங்களும் மறச்சோம். பையன் முரடு, கூப்பிட்டா திரும்பமாட்டான்னு சொல்லிச் சொல்லி அடிச்சும் வச்சோம். கடைசியில டாக்டர்ட்ட போனப்ப, ஏன் இவ்வளவு நாளாச்சுன்னு கேட்டாரு. அதுக்காகத்தான் இந்த மண்டபத்தக் குடுங்கன்னு ஜமாஅத்துல நானே போயி நின்னேன்."

மார்கரெட்டுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெனிட்டாவைப் பார்த்து வாயைக் கோணினார். பிள்ளை சிரித்தது. சிரிக்கும்போதே காதில் ரப்பர் முனையை வைத்துவிட்டார். பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை, அசையாமல் இருந்தால் போதும், காது தானாகவே பதில் சொல்லும் என்று எனக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். ஒரு காது பார்த்தார். மறு காது பார்த்தார். முதல் காதை இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு காதுமே பதில் சொல்லவில்லை. இது முடிவு இல்லை, திருநெல்வேலியில் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். காதுக்கு மிஷின் வைத்துப் பழக்கினால் பெரும்பாலும் பலன் இருக்கும். நேரமாகிவிட்டது, ஆனால் கைமீறிப் போகவில்லை.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். வாராவாரம் மைக்கைப் பிடித்து முழங்கிய வாய் அது. எந்த வரியில் தொடங்குவது என்று தேடினேன். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே பேசுவாளா, அத மட்டும் சொல்லுங்க தம்பி."

"காதுக்கு மிஷின் வச்சா பேசுவாளாம், அண்ணாச்சி. ஆனா ஒளிச்சு வைக்கக் கூடாதாம்." பின்பாதி நானாகச் சேர்த்தது. மார்கரெட் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று எஸ்தர் பின்னால் கேட்டாள். பிள்ளைக்காகத்தான். வெறும் பெட்டி என்று நினைத்து நான் துரத்திக்கொண்டு வந்ததற்காகவும்தான்.

மறுநாள் கடையநல்லூர் மண்டபத்துக்கு முதலில் வந்து நின்ற வண்டி தங்கராஜ் அண்ணாச்சியின் அரிசி வேன். பெனிட்டாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவள் ஒருத்தி மட்டும் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்து, இதே மாதிரி 'லேட்டாத்தான் பேசும்' என்று சொல்லிவந்த வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முகாம் நன்றாக நடந்தது. ஜமாஅத்தாரின் சாப்பாட்டில் நெய் மணந்தது. அங்கேயும் மார்கரெட் கையால்தான் சாப்பிட்டார். என் முள்கரண்டியை யாரும் கேட்கவில்லை.

ஏலத் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னோம். பொருத்தனை வைத்துக் கேட்டதைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று அண்ணாச்சி ஒரே பிடிவாதம். கமிட்டி கூடியது. ஷாகுல் பாயையும் கூப்பிட்டோம். அவர்தான் யோசனை சொன்னார். "இந்த மிஷின் ஆப்பிரிக்கா போற செலவுக்கு வச்சுக்கிட்டா என்ன? அங்க உள்ள பிள்ளைக்கும் நம்ம பங்கு போய்ச் சேரட்டும்." அப்படியே ஆயிற்று. வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்பியே பழகிய சபை, முதல் தடவையாகக் கடல் கடந்து ஒன்றை அனுப்பியது. 'பார்ட்னர்' என்று நான் மைக்கில் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைக்கு அன்றைக்குத்தான் எனக்கே அர்த்தம் புரிந்தது.

அடுத்த வருடம் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. எனக்கு இல்லை. செல்வினுக்கு. அவர்களும் தங்கள் அறுப்பின் பண்டிகையில் எங்களைப் போலவே ஏலம் வைக்கப்போகிறார்களாம், போட்டுக் காட்ட ஆள் வேண்டுமாம். என் ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு போனார். அந்த ஊர்ச் சபையில் இப்போது ஆப்பிள் கூடையையும் ஜாம் பாட்டிலையும் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று தமிழில்தான் ஏலம் விடுகிறார்கள் என்று மார்கரெட் எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், "பையை உள்ள கொண்டு வச்சிருங்க, இவங்க கண்ணுல பட்டா ஏலத்துல விட்டுருவாங்க" என்பாள் எஸ்தர். வந்தவர்கள் சிரிப்பார்கள், உடனே முழுக் கதையும் வேண்டும் என்பார்கள். நான் சொன்னால் சுவாரஸ்யம் இல்லையாம். அந்தக் கதையை முறையாகச் சொல்கிற உரிமை பெனிட்டாவுக்குத்தான்.

இரண்டு காதிலும் மிஷின் வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போகிறாள். பேச்சு தாமதமாக வந்தது, வந்தபிறகு நிற்கவே இல்லை. போன அசனத்தில் பந்தி நடுவே எழுந்து நின்று, நடக்காததையும் சேர்த்து, நான் ஓடிய ஓட்டத்தை ஓடியே காட்டினாள். செல்வின் இலையை விட்டு எழுந்து வந்து கேட்டார். ஷாகுல் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளுடைய குரல் கொஞ்சம் அதிகம், வேப்பமரத்தைத் தாண்டித் தெருவுக்குக் கேட்கும். பக்கத்தில் தங்கராஜ் அண்ணாச்சி சாப்பிடாமல் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசு என்று அந்தக் குடும்பத்தில் யாரும் அவளிடம் சொல்வதில்லை.